மூக்குத்தித் திருகு

திரையில் வந்து நின்ற மகராசி மாமியாரிடம் ஒரு பொய் சொன்னாள். சொல்லும்போது மூக்குத்தியை விரலால் ஒரு சுற்றுத் திருகினாள். அவ்வளவுதான். அதற்குப் போய் ஆவுடையம்மாளுக்கு ஏன் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ள வேண்டும்? ஊரில் மூக்குத்தி போட்டவள் அவள் ஒருத்திதானா, கதை எழுதியவன் கூடப்பிறந்த தம்பி என்பதற்காகப் படத்தில் பறக்கிற காக்காயெல்லாம் நம் வீட்டுக் காக்காயாகிவிடுமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். மூன்று மணி வெயில் தகரக் கூரை வழியாகக் கொட்டகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் அவளுக்கு இடப்புறம் மகள் செண்பகம், ஏழு மாத வயிறும் கை நிறைய வளைகாப்பு வளையலுமாக. வலப்புறம் யாரோ ஒரு பேட்டைக்கார அம்மாள், மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு. ஆள் உயரப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள். அங்கே எங்கோ அவள் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் பிள்ளை. மைத்துனன் எழுதிய டாக்கிப் படம் திருநெல்வேலிக்கே வந்துவிட்டது என்று காலையிலிருந்து மனுஷருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைப் பூட்டி, சரிகை அங்கவஸ்திரம் போட்டு, குதிரை வண்டி பேசிக் குடும்பத்தோடு பகல் ஆட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். 'கதை, வசனம்: சொக்கலிங்கம்' என்று எழுத்து வந்தபோது தடுப்புக்கு அப்பாலிருந்து அவர் கைதட்டியது நூறு கைகளுக்கு நடுவே அவளுக்குத் தனியாகக் கேட்டது. மூக்குத்தி விஷயத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையே போடவில்லை என்று அவள் சாதித்தபோது விரல் தானாக மூக்குக்குப் போயிற்று. அன்று பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவள் எதைச் சொன்னாலும், "மூக்குத்தியத் தொடாமச் சொல்லு, பாப்பம்" என்பார். வீட்டுக்குள் அது ஒரு விளையாட்டு, தம்பி சொக்கு அதைக் கேட்டு வளர்ந்தவன். அதைக் கொண்டுபோய் ஊர் சிரிக்க வைத்துவிட்டானே, வரட்டும், காதைத் திருகுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குக் கோபம்கூட இல்லை, பெருமைதான்.

ஒரே ஒரு மிஷின்தான் அந்தக் கொட்டகையில், ஒரு ரீல் தீர்ந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த வெளிச்சத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, இருட்டியதும் மறுபடி அழத் தயாராவார்கள். மூன்றாவது ரீலில் ஜமீன் பங்களாவின் விதவை அக்காள் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தாள். நாலாவது ரீலில் மூக்குத்திக்காரியான சுமங்கலித் தங்கை, வயிற்றில் ஒன்றுமில்லாமலே, ஊர் பார்க்க மாங்காய் கடித்தாள், சாம்பலைத் தின்றாள், முற்றத்தில் போய் ஓங்கரித்தாள். பேட்டை அம்மாள் சிரித்தாள். "நடிப்புக்குள்ள நடிப்பு பாத்தியளா" என்றாள். சாம்பல் இல்லை, விபூதி, ஆவுடையம்மாள் தின்றது மடப்பள்ளி விபூதி, இருபது வருஷத்துக்கு முன்னால், தெருப் பெண்கள் பார்க்க. அதன் காரல் இப்போது தொண்டையில் ஏறியது. வயிற்றில் பிள்ளை இருந்தது அவளுக்கு இல்லை, உலகுவுக்கு. அக்காள் உலகம்மாள், பதினைந்தில் தாலியறுத்து இருபத்தொன்றில் பிடிபட்டவள், யார் என்று அடித்துக் கேட்டும் சொல்லாதவள். அம்மா ஒரு ராத்திரிக்குள் எல்லாம் யோசித்து முடித்திருந்தாள். ஆவுடையின் மாப்பிள்ளை அப்போது கொழும்பில் உத்தியோகம், தைக்கு வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுக் கப்பலேறியிருந்தார். அவருக்கு ஆவுடை, முழுகாமல் இருக்கிறேன் என்று ஒரு கடுதாசி போட்டால் போயிற்று. போட்டாள். கடுதாசியில் மூக்குத்தியைத் தொட்டது யாருக்குத் தெரியும். பேறுகாலத்துக்கு என்று மூன்று பெண்களும் குற்றாலத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனார்கள், போனபோது அக்காள் சுமந்தாள், வந்தபோது தங்கை சுமந்தாள். மனுஷர் ரெண்டு வருஷம் கழித்து வந்து இறங்கி, செண்பகத்தைத் தூக்கி உச்சி மோந்து, "எங்கம்மா மூஞ்சி அப்படியே" என்றார். அவரைப் போய் ஏமாற்றினோமே என்று அன்றைக்கு ஒரு நாள் அழுதாள். அப்புறம் அழ நேரமில்லை, பிள்ளை வளர்த்தாள்.

விளக்கு எரிந்தது. செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா எங்கயிருந்தும்மா இந்த மாதிரிக் கதையெல்லாம் பிடிக்காங்க?" என்றாள். "அவனுக்கு என்ன, கழுதை, கற்பனைக்கு என்ன பஞ்சம்" என்றாள் ஆவுடையம்மாள், சொல்லிவிட்டு, உயரக் கிளம்பிய விரலைப் பாதியில் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு மடியில் இல்லை, பக்கத்தில், வளையல் குலுங்கக் கலர் குடித்துக்கொண்டிருந்தது. பெற்றவள் வேறு என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் இருபது வருஷம் அம்மா என்று கூப்பிட்டதெல்லாம் என்ன ஆகும்? தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரிந்தால்? அவள் தடுப்பைப் பார்த்தாள். பலகையில் ஒரு கண் அளவுக்கு ஓட்டை இருந்தது, அதை யாரோ வெற்றிலைக் காம்பால் அடைத்திருந்தார்கள். சொக்கு எப்படித் தெரிந்துகொண்டான்? அப்போது அவனுக்குப் பதினோரு வயசு, பாளையங்கோட்டையில் மாமா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தான், குற்றாலம் பக்கமே வரவில்லை. அம்மா சாகும்போது சொல்லியிருப்பாளோ? அம்மா சாகும்போது பேச்சே வரவில்லை, ஆவுடை கையைத்தான் கடைசிவரை இறுக்கிக்கொண்டிருந்தாள், அந்த இறுக்கத்தின் அர்த்தம் சொல்லாதே என்பதுதான். பின்னே யார்? அவன் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போனபோது, திருச்செந்தூருக்குப் போயிருக்கிறான் என்று அப்பாவிடம் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு சொல்லிக் காப்பாற்றியது அவள். அவனுக்கு அம்மை வார்த்தபோது வேப்பிலையும் கையுமாகப் பதினாறு நாள் பாயோரம் கிடந்தது அவள். கைக்குழந்தையோடு அவனையும் ஒரு குழந்தையாக வளர்த்தவளைத் திரையில் கொண்டுபோய்க் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற சூர்ப்பனகையாக எழுதியிருக்கிறானே, இவனுக்கு மனசு எப்படி வந்தது? ஏனென்றால் படத்தில் தங்கைக்காரிதான் பொல்லாதவள். கழுத்துக்கொள்ளாமல் நகை, நடையில் ஒரு வெட்டு, வேலைக்காரியைச் சாட்டையால் அடிக்கிறாள். நான் யாரை அடித்தேன்? ஒரு பூனையை அடித்திருப்பேனா?

இருட்டியது. ஐந்தாவது ரீல் ஒரு ஓலைக் குடிசைக்குள் போயிற்று. பிள்ளை பெற்றவள் சுவரில் சாய்ந்திருந்தாள். தங்கை எதிரே கை நீட்டிக்கொண்டு நின்றாள். விதவை சொன்னாள்: "நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஐந்து வயதில் ஒரே ஒரு முறை என் கண்ணில் காட்டிவிடு. பிறகு நான் கேட்கவே மாட்டேன்." சொக்கு அதைப் புத்தகத் தமிழாக்கியிருந்தான், ஆனால் அடியில் கிடந்த உலகுவின் சொல் மாறவில்லை. "ஆவுடை, நான் ஒண்ணுதான் கேப்பேன். அஞ்சு வயசுல ஒரு தரம் கண்ணுல காட்டிரு. அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்." அம்மா பின்கட்டில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள். ஈரப் பாயின் வாடை. வெளியே சாரல். அறைக்குள் ரெண்டே ரெண்டு பேர், கையளவு ஒரு குழந்தை. காட்டுகிறேன் என்று விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தாள், மூக்குத்தியைத் தொடவில்லை, அன்றைக்கு அது பொய் இல்லை. இதைச் சொக்குவுக்குச் சொன்னது அவளில்லை. அவளில்லையென்றால், அந்த அறையில் இருந்த இன்னொருத்தி சொல்லியிருக்க வேண்டும். இன்னொருத்தி செத்துப்போனாள். செத்துப்போனாளா? ஊருக்குச் செத்துப்போனாள், அது வேறு. அம்மா அவளைக் காசிக்குக் கூட்டிப்போய், ஒரு மடத்தில் சமையலுக்கு விட்டுவிட்டு, தனியாகத் திரும்பிவந்து, காலரா, கங்கையிலேயே போய்விட்டாள் என்று தெருவுக்குச் சொல்லித் தலைமுழுகினாள். அப்புறம் யாரோ கையெழுத்தில் வந்த கார்டுகள். கன்னுக்குட்டி சௌக்கியமா, பால் நல்லாக் குடிக்குதா, கொம்பு மொளச்சிட்டா. கொம்பு என்றால் பல். ரெண்டு கார்டுக்கு அவள் பதில் போட்டாள். கன்னுக்குட்டி சௌக்கியம், ரெண்டு கொம்பு மொளச்சிருக்கு. அதற்கப்புறம் போடவில்லை. மனுஷர் கொழும்பை விட்டுவிட்டு வந்து ஊரோடு இருந்துவிட்டார், கார்டு அவர் கையில் கிடைத்தால், நமக்கு ஏது கன்றுக்குட்டி என்று கேட்டால்? வந்ததையெல்லாம் அடுப்பில் போட்டாள். ஒரு நாள் கார்டு நின்றது. நின்றதும் அவளாகவே, சரி, இப்போது நிஜமாகவே போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு முழுக்குப் போட்டாள். சொக்குவின் கம்பெனி இந்தப் படத்தைக் கல்கத்தாவில்தான் எடுத்தது. கல்கத்தாவிலிருந்து காசி ஒரு ராத்திரி ரயில் என்று அவனே ஒரு கடுதாசியில் எழுதியிருந்தான்.

அவள் அந்த நூலைப் பிடித்து இழுப்பதற்குள் பாட்டு வந்துவிட்டது. திரையில் விதவை குழந்தையை மடியில் போட்டு ஆட்டினாள். வடக்கத்திப் பெண், பெரிய கண், உதடு ஒரு பக்கம் போயிற்று, பாட்டு ஒரு பக்கம் போயிற்று. காமிராவுக்குப் பின்னால் யாரையோ நிறுத்திப் பாடவைத்திருக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். 'ஆத்துத் தண்ணி அலைமேலே ஆடி ஆடி வருகுதம்மா, தங்கத் தோசை வருகுதம்மா, தாய்மாமன் சீர் வருகுதம்மா.' தங்கத் தோசையில் கொட்டகை கொல்லென்று சிரித்தது. அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். "இந்த வடக்கத்திக் குட்டிக்கு நாக்குத் திரும்பலை பாருங்க, தோணியைத் தோசைங்கா" என்று பேட்டை அம்மாள் அவள் தொடையில் தட்டினாள். தோணிதான். தாமிரபரணியில் தாய்மாமன் சீர் ஏற்றி வருகிற தங்கத் தோணி. உலகு மூன்று வயசில் அதைத் தோசை என்று கேட்டுத் தோசை என்றே பாடினாள், அம்மா சிரித்துக்கொண்டே திருத்தாமல் விட்டாள், ஆவுடைக்குத் தொட்டில் ஆட்டியபோதும் உலகு அப்படியே பாடினாள், ஆவுடை செண்பகத்துக்கும் அப்படியே பாடினாள். உலகத்தில் அந்தத் தோசை அவர்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் சுடவில்லை. ஆனால் அவளை உலுக்கியது தோசை இல்லை. 'வருகுதம்மா'வில் 'ம்மா'வை மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி தொட்ட அந்தக் குரல். இருபது வருஷத்தில் அடியில் கொஞ்சம் கரகரப்புப் படிந்திருந்தது. மற்றபடி அதேதான். சாம்பலாகிக் கங்கையில் போனவள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ஆவுடை கல்யாணத்தில் நலங்குக்குப் பாட ஆளில்லாமல் எல்லோரும் விழித்தபோது, தாலியறுத்தவள் கூடத்துக்கு வரக்கூடாதென்று உள்ளறையில் இருந்தவள், கதவுக்குப் பின்னாலிருந்து பாடினாளே, அதே குரல். "உள்ள இருந்து பாடுனது யாரு?" என்று அன்று ராத்திரி மாப்பிள்ளை கேட்டார். "எங்க பெரியக்கா" என்றாள். பெரியக்கா. படம் வருகிறது என்று போட்ட கடுதாசியில் சொக்கு, 'சின்னக்கா, பாட்டு வரும்போது கண்ணை மூடிக்கிட்டுக் கேளு' என்று எழுதியிருந்தானே. உலகு போனதிலிருந்து அவன் வெறும் 'அக்கா' என்றுதான் எழுதுவான், ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில் சின்னதேது பெரியதேது. இந்த ஒரு கடுதாசியில் சின்னக்கா. படித்தாள், சிரித்தாள், பையன் செல்லம் கொஞ்சுகிறான் என்று மடித்து வைத்தாள். கண்ணுக்கு முன்னால் எழுதி வைத்ததை வாசிக்கத் தெரியவில்லை.

"யம்மா, நம்ம தோசைப் பாட்டுல்லா!" செண்பகம் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள், வளையல் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டன. "ஆமா. நான் பாடிக் கேட்டிருப்பான். போட்டுட்டான்." "குரலும் ஒன் குரல் மாதிரியே இருக்கும்மா. அந்த இழுப்பு. யாரு பாடுனதுன்னு மாமாகிட்டக் கேக்கணும். பிள்ளை பொறந்ததும் அவங்களை ஒரு நாள் வரச்சொல்லிப் பாடச் சொல்லணும்." அவள் வெள்ளைமனசாகச் சொன்னாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் ஈரத்தோடு. ஆவுடையம்மாள் தடுப்பைப் பார்த்தாள். வீட்டில் தோசைப் பாட்டுப் பாடினால் முதலில் சிரிக்கிறவர் அவர்தான். "பிள்ளைக்குப் பசிக்கப் போவுது, தோசையை நிறுத்து" என்று திண்டில் சாய்ந்தபடி உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பார். கொட்டகையே சிரித்து ஓய்ந்தது. அந்தச் சிரிப்புக்குள் அவர் சிரிப்பை அவள் தேடினாள். கைதட்டலை நூற்றில் பிரித்தெடுத்த காதுக்கு அது கிடைக்கவில்லை. வெளியே போயிருப்பார், சுருட்டுக் குடிக்கப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டாள்.

கூட்டு சேர்ந்துகொண்டார்கள். அதுதான் சுட்டது. தம்பியும் அக்காளும் எங்கோ ஒரு மடத்துச் சமையற்கட்டில் உட்கார்ந்து, நெருப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அவளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். உலகு சொல்லச் சொல்ல அவன் எழுதியிருக்கிறான். என்ன சொன்னாய் உலகு? பிடுங்கிக்கொண்டு போனாள் என்றா? உன் மானத்தை யார் காப்பாற்றினார்கள்? நான் விபூதி தின்றேன். நான் கட்டினவனிடம் பொய் சொன்னேன், ஒரு நாளா, இருபது வருஷம், ஒவ்வொரு தீபாவளியும் ஒவ்வொரு பிறந்தநாளும். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லையே, அதற்கு யார் அழுதார்கள்? உன் பிள்ளைக்குக் காது குத்தி, சடங்கு சுற்றி, கல்யாணம் செய்து, வளைகாப்புப் போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறேன், நீ திரையில் வந்து தோசை பாடுகிறாய். உடம்பெல்லாம் கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தபோது, யாரோ நடுவில் கேட்டமாதிரி, அஞ்சு வயசு என்று ஒரு நினைப்பு வந்து குறுக்கே நின்றது. செண்பகத்துக்கு அஞ்சு வயசான ஆடி மாசம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காசிக்குப் போகிற கோஷ்டி ஒன்று தெருவிலிருந்தே கிளம்பியது. மனுஷர்கூடச் சொன்னார், "நீயும் பிள்ளையும் வேணும்னா போயிட்டு வாங்க." பிள்ளைக்கு மேல் சுடுகிறது என்றாள். "மூக்குத்தியத் தொடாமச் சொல்லு, பாப்பம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டு. பிள்ளைக்கு மேல் சுடவில்லை. கொண்டுபோய்க் காட்டினால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளுமோ, ரத்தம் ரத்தத்தை மோப்பம் பிடித்துவிடுமோ என்ற பயம்தான் சுட்டது. அன்றைக்குச் சாட்டையால் அடித்தவள் யார்? இல்லை, அதுவும் இதுவும் ஒன்றா, இவள் இருபது வருஷம் கழித்து ஊரைக்கூட்டி அடிக்கிறாளே. இல்லை. ஆமாம். நினைப்பு செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில் சுற்றியது, எங்கே சுற்றினாலும் அந்த ஆடி மாசத்தில் வந்து இடறியது.

கடைசி ரீலில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. வளர்ந்த மகள் மணக்கோலத்தில் நின்றாள், காவிச் சேலைக்காரி வாசலில் வந்து விழுந்தாள், பழைய வேலைக்காரி உண்மையைப் போட்டு உடைத்தாள். மணப்பெண் மெல்லத் திரும்பி, இத்தனை நாள் அம்மா என்று அழைத்தவளைப் பார்த்து, ஒரே ஒரு சொல் சொன்னாள்: "சித்தி." கொட்டகை கைதட்டியது. பேட்டை அம்மாள், "நல்லா வேணும் சிறுக்கிக்கு" என்று மூக்கைச் சிந்தினாள். செண்பகம் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். யாருக்காக அழுகிறாள் என்று கேட்க ஆவுடையம்மாளுக்குத் தைரியம் இல்லை. சித்தி என்பது என்ன பெரிய சொல், தெருவில் நாலு பிள்ளைகள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகின்றன. ஆனால் அது காதில் விழுந்த இடத்தில் அப்படியே தங்கிவிட்டது.

விளக்குப் போட்டதும் வாசலை நோக்கி நெருக்கினார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது, கண் கூசியது, குதிரைச் சாணியும் மல்லிகையும் சேர்ந்து மணத்தது. அவள் கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். "யம்மா!" என்று பின்னால் ஒரு குரல். பத்துப் பெண்கள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. "யம்மா, நில்லும்மா!" அவள் காது வேறொரு சொல்லை எதிர்பார்த்து நின்றது, இது யாரையோ கூப்பிடுகிற சத்தமாக அவளைத் தாண்டிப் போயிற்று. பேட்டை அம்மாள்தான் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏ தாயி, ஒங்க மகதான அது, வயித்துப்பிள்ளக்காரி நெரிசல்ல நின்னு கத்துதா, காதுல விழலியா?"

"எம் மகதான்" என்றாள் ஆவுடையம்மாள். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "எம் மகதான் அது, எம் மகதான்." படியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே, குதிரை வண்டிப் பக்கத்தில், அங்கவஸ்திரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற குற்றாலிங்கம் பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயிலும் சுருட்டு இல்லை, விரலிடுக்கிலும் இல்லை. அவர் கண் அவள் முகத்தில் ஒரு இடத்தில் போய் நின்றது. எங்கே பார்க்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் மூக்கில் ஒரு வலி தெரிந்தது. விரல் அங்கே இருந்தது, தோல் சிவக்கிற அளவுக்குத் திருகைத் திருகிக்கொண்டு. தம்பி காட்டிக்கொடுத்தான், அக்காள் காட்டிக்கொடுத்தாள், மிச்சமிருந்தது சொந்தக் கை. அவர் வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லப் போகிறார், சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் படியேறிப் போய், கூட்டத்தை விலக்கிச் செண்பகத்தின் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிவந்தார்.

"பாத்து ஏறும்மா" என்றார் மகளிடம். பிறகு வண்டிக்காரனிடம், நேரே வீட்டுக்குப் போகவேண்டாம், போகிற வழியில் தபாலாபீஸில் ஒரு நிமிஷம் நிறுத்து, பாடினது யாரென்று கேட்டு மைத்துனனுக்கு ஒரு தந்தி கொடுக்கவேண்டும் என்றார்.